டப்ரோவ்ஸ்கி போல இரட்டையர் ஆட்டத்தை நம்பி ஒரு டென்னிஸ் வாழ்க்கை: அவர் அதை எப்படிக் கட்டினார்?

அண்ணாநகர்_பேஸ்லைன் (கேள்வி)

2022 செப்டம்பரில் நுங்கம்பாக்கத்தில் நடந்த சென்னை ஓபன் டபிள்யூ.டி.ஏ (மகளிர் தொழில்முறை டென்னிஸ் சங்கம்) போட்டியில் இரட்டையர் கோப்பையை வாங்கியவர் கனடாவின் கேப்ரியேலா டப்ரோவ்ஸ்கி. ஜோடி, பிரேசிலின் லூயிசா ஸ்டெஃபானி. அந்த வாரம் இங்கே பேச்செல்லாம் இன்னொரு கனடா வீராங்கனையான யூஜெனி பூஷார்டைப் பற்றித்தான். ஆனால் இன்றைக்கு டப்ரோவ்ஸ்கி கணக்கில் யு.எஸ். ஓபன் மகளிர் இரட்டையர் பட்டம் இரண்டு, கலப்பு இரட்டையரில் கிராண்ட் ஸ்லாம் இரண்டு, ஒலிம்பிக் வெண்கலம் ஒன்று. ஒற்றையரில் அவர் தொட்ட உச்சம் 164வது இடம்தான்.

வீட்டில் 16 வயதுப் பெண் இருக்கிறாள். வலைக்குப் பக்கத்தில் கை வேகம் நன்றாக இருக்கிறது. ஒற்றையரில் மூன்றாவது செட் போனால் தளர்ந்துவிடுகிறாள். "பேசாம டபுள்ஸ் பக்கம் திருப்பிடலாம்" என்கிறார் கோச். முடிவெடுப்பதற்கு முன் டப்ரோவ்ஸ்கி வந்த வழியைச் சரியாகத் தெரிந்துகொள்ள நினைக்கிறேன். எந்த வருஷம் என்ன செய்தார், இரட்டையர் ரேங்கிங்கும் நுழைவும் எப்படி வேலை செய்கின்றன, பணம் தேறுமா, களத்தில் அவர் செய்வது என்ன? உழைத்தால் வரலாம் என்கிற பொதுவான பதில் வேண்டாம். விவரம் வேண்டும்.

டிராஷீட்

கோச் அவசரப்படுகிறார் என்பதுதான் என் கருத்து. டப்ரோவ்ஸ்கி 16 வயதில் ஒற்றையரை விட்டவர் அல்ல. 1992 ஏப்ரல் 1 ஒட்டாவாவில் பிறந்தவர். 2006இல் பிரான்சில் நடக்கும் 14 வயதுக்குட்பட்டோருக்கான லே பெத்தி ஆஸ் போட்டியில் ஒற்றையர் பட்டம் வென்றார். 2009இல் ஃப்ளோரிடாவின் ஆரஞ்ச் பவுல் 18 வயதுப் பிரிவிலும் ஒற்றையர் பட்டம். ஜூனியர் டென்னிஸில் இவை இரண்டும் பெரிய பெயர்கள். இரட்டையரில் இன்று நாம் பார்க்கும் ரிட்டர்ன் (எதிராளியின் சர்வைத் திருப்பி அடிப்பது), நேரக்கணக்கு, எதிராளியின் பந்தைப் படிக்கும் கண் எல்லாம் ஒற்றையரில் பல வருஷம் அடித்துத் தேய்த்ததில் வந்தவை.

164 என்ற எண்ணையும் குறைத்து எடை போட வேண்டாம். கிராண்ட் ஸ்லாம் மெயின் டிராவில், அதாவது முதன்மைச் சுற்றில், ரேங்கிங் வைத்து நேரடியாக நுழைவது சுமார் 104 பேர். 164இல் இருப்பவர் தகுதிச் சுற்று ஆடலாம். உலகத்தையே சுற்ற வேண்டியிருக்கும், ஆனால் வரவு செலவைத் தாண்டாத இடம் அது. அந்த உச்சத்தை அவர் தொட்டது 2014 நவம்பரில். அதே வருஷம்தான் வாஷிங்டனில் ஜப்பானின் ஷுகோ அவோயாமாவுடன் முதல் டபிள்யூ.டி.ஏ இரட்டையர் பட்டமும் வந்தது. ஒற்றையர் தோற்றுப்போய் இரட்டையருக்கு ஒதுங்கினார் என்று சிலர் எழுதுவது தவறு. இரண்டும் ஒரே நேரத்தில் ஏறின. எது வேகமாக ஏறியதோ அதைத் தேர்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகான அவர் வாழ்க்கையை ஜோடிகளின் வரிசையாகப் படிக்க வேண்டும். 2015இல் மான்டெர்ரேயில் போலந்தின் அலிஸ்ஜா ரோசோல்ஸ்காவுடன் பட்டம். அதே வருஷம் டொரன்டோ பான் அமெரிக்கன் விளையாட்டில் கேரல் ஜாவோவுடன் தங்கம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அவர் ஜோடி, நீங்கள் சொன்ன அதே பூஷார்ட். 2017 மயாமியில் சீனாவின் சூ யிஃபானுடன் இறங்கி, இறுதியில் சானியா மிர்சா, பார்போரா ஸ்ட்ரிட்சோவா ஜோடியை 6-4, 6-3 என்று வீழ்த்தினார். மயாமி ஆயிரம் புள்ளிப் போட்டி. அவரை முதல் வரிசைக்குக் கொண்டுவந்தது அதுதான்.

அதே 2017 ஜூனில் பிரெஞ்சு ஓபன் கலப்பு இரட்டையர், நம்ம ரோஹன் போபண்ணாவுடன். இறுதியில் குரோன்ஃபெல்ட், ஃபாரா ஜோடிக்கு எதிராக முதல் செட் 2-6 போனது. இரண்டாவது 6-2. மூன்றாவது செட்டுக்குப் பதிலான டைபிரேக்கில் இரண்டு மேட்ச் பாயின்ட்டைக் காப்பாற்றி 12-10. கனடா பெண் ஒருவர் வென்ற முதல் கிராண்ட் ஸ்லாம் பட்டம் அது. போபண்ணாவுக்கும் அதுதான் முதல் கிராண்ட் ஸ்லாம் பட்டம். ஏழு மாதம் கழித்து ஆஸ்திரேலிய ஓபன் இறுதியில் டப்ரோவ்ஸ்கி குரோஷியாவின் மேட் பாவிச்சுடன் நின்றார். எதிரே டிமியா பாபோஸும் அதே போபண்ணாவும். 2-6, 6-4, 11-9 என்று டப்ரோவ்ஸ்கி பக்கம் முடிந்தது. இரண்டு இறுதியிலும் முதல் செட் 2-6 போயும் நிதானம் கலையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மகளிர் இரட்டையர் கிராண்ட் ஸ்லாமுக்கு இன்னும் ஐந்தரை வருஷம் காத்திருந்தார். 2019 விம்பிள்டன் இறுதியில் சூ யிஃபானுடன் தோல்வி. 2021இல் ஸ்டெஃபானியுடன் மான்ட்ரியல் பட்டம். அடுத்து யு.எஸ். ஓபன் அரையிறுதியில், கோகோ காஃப், கேட்டி மெக்நாலி ஜோடிக்கு எதிரான ஆட்டத்தின் நடுவே ஸ்டெஃபானியின் முழங்கால் தசைநார் கிழிந்து அவரைச் சக்கர நாற்காலியில் வெளியே கொண்டுபோனார்கள். ஸ்டெஃபானி ஒரு வருஷம் ஆடவில்லை. திரும்பி வந்த முதல் போட்டி எது தெரியுமா? நம்ம சென்னை ஓபன். டப்ரோவ்ஸ்கி அந்தப் பருவத்தில் மெக்சிகோவின் ஜியுலியானா ஓல்மோஸுடன் ஆடிக்கொண்டிருந்தார், மாட்ரிட் பட்டமும் வென்றிருந்தார்கள். அப்படியிருந்தும் சென்னைக்கு ஸ்டெஃபானியுடன் வந்தார். இறுதியில் பிளின்கோவா, ட்சலமிட்ஸே ஜோடியை 6-1, 6-2 என்று முடித்தார்கள். மறுவாரமே டோக்கியோவில் ஓல்மோஸுடன் இன்னொரு பட்டம். ஒரு வார இடைவெளியில் ஜோடி, நாடு, தட்பவெப்பம் எல்லாம் மாறியும் ஜெயிக்கத் தெரிந்தவர்தான் இரட்டையர் நிபுணர்.

2023 ஆகஸ்டில் நியூசிலாந்தின் எரின் ரூட்லிஃபுடன் சேர்ந்தார். சேர்ந்த சில வாரத்திலேயே யு.எஸ். ஓபன், 16ஆம் தரநிலை ஜோடியாக இறங்கி, இறுதியில் சீக்மண்ட், ஸ்வோனரேவாவை 7-6, 6-3 என்று வென்றார்கள். அந்த நவம்பரில் செவில்லில் கனடா முதல்முறையாக பில்லி ஜீன் கிங் கோப்பையை (நாடுகளுக்கிடையிலான மகளிர் அணிப் போட்டி) எடுத்தபோது, அரையிறுதியில் 1-1 என்றிருந்த நிலையில் லெய்லா ஃபெர்னாண்டஸுடன் இறங்கி கிரெய்சிகோவா, சினியாகோவா ஜோடியைத் தோற்கடித்தது டப்ரோவ்ஸ்கிதான். 2024இல் விம்பிள்டன் இறுதி (சினியாகோவா, டவுன்சென்டிடம் இரண்டு டைபிரேக்கில் தோல்வி), பாரிஸ் ஒலிம்பிக் கலப்பு இரட்டையரில் ஃபெலிக்ஸ் ஓஜே அலியாசீமுடன் வெண்கலம், ரியாத் ஆண்டிறுதிப் போட்டியில் அதே சினியாகோவா ஜோடியை 7-5, 6-3 என்று பழிதீர்த்த பட்டம். 2025இல் மறுபடி யு.எஸ். ஓபன், மறுபடி அதே ஜோடிக்கு எதிராக, 6-4, 6-4.

கணக்குவழக்கு

ரேங்கிங் பக்கம் நான் சொல்றேன்.

இரட்டையர் ரேங்கிங் ஜோடிக்கு இல்ல, தனி ஆளுக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து வாங்குன புள்ளி ரெண்டு பேருக்கும் முழுசா வரும், பாதியா பிரியாது. 52 வாரம் கழிச்சு உதிர்ந்துடும். கிராண்ட் ஸ்லாம் ஜெயிச்சா 2000, இறுதியில தோத்தா 1300, அரையிறுதி 780, காலிறுதி 430. கலப்பு இரட்டையருக்கு ரேங்கிங் புள்ளி ஒண்ணு கூட கிடையாது. போபண்ணாவோட வாங்குன பட்டத்தால டப்ரோவ்ஸ்கி ரேங்கிங் ஒரு படி கூட ஏறல. பேரும் பணமும்தான் வந்துச்சு.

நுழைவுக்கு ரெண்டு பேர் ரேங்கிங்கையும் கூட்டுவாங்க. கூட்டுத்தொகை குறைவா இருக்கிற ஜோடி முதல்ல உள்ள போகும். இங்கதான் டபுள்ஸ் ஆட்களுக்கு இடிக்கும்: ஒற்றையர் ரேங்கிங், இரட்டையர் ரேங்கிங் ரெண்டுல எது நல்லதோ அதைக் காட்டி நுழையலாம். நீங்க 90, பார்ட்னர் 140, மொத்தம் 230. ஒற்றையர்ல 60லயும் 65லயும் இருக்கிற ரெண்டு பேர் கடைசி நேரத்துல "நாங்களும் ஆடுறோம்"னு கையெழுத்துப் போட்டா அவங்க மொத்தம் 125. ஜெயிச்சா 250 புள்ளி தர்ற போட்டியோட டிரா 16 ஜோடிதான், சென்னையும் அப்படித்தான். நீங்க விமான டிக்கெட் வாங்கி வந்து சேர்ந்த பிறகு வெளிய நிப்பீங்க. அதனால டபுள்ஸ் மட்டும் ஆடுறவங்களுக்கு நல்ல ரேங்கிங் உள்ள பார்ட்னர் கிடைக்கிறதே பாதி வேலை. டப்ரோவ்ஸ்கி ஜோடி மாத்துறதை வெறும் நட்பு விஷயமா மட்டும் பாக்காதீங்க, இந்தக் கூட்டல் கணக்கும் அதுக்குள்ள இருக்கு.

16 வயசுப் பொண்ணுக்கு வருவோம். ஐ.டி.எஃப் (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) ஜூனியர் ரேங்கிங்ல சிறந்த ஆறு ஒற்றையர் முடிவு முழுசா சேரும், சிறந்த ஆறு இரட்டையர் முடிவுல கால் பங்குதான் சேரும். டபுள்ஸ் மட்டும் ஆடி ஜூனியர்ல மேல வரவே முடியாது, கணக்கு விடாது. டிராஷீட் சொன்னதை இந்த ஒரு விதியே உறுதி பண்ணுது.

பணம். 2023 யு.எஸ். ஓபன் இரட்டையர் பட்டத்துக்கு 7 லட்சம் டாலர், 2025ல 10 லட்சம் டாலர். ரெண்டுமே ஜோடிக்கு, ஆளுக்குப் பாதி. அந்த 2025லயே ஒற்றையர் சாம்பியனுக்கு 50 லட்சம். மேல் மட்டத்துல வாழலாம், நல்லாவே வாழலாம். கீழ் மட்டம்தான் சிக்கல். டபிள்யூ 15ங்கிற ஆரம்ப நிலைத் தொழில்முறைப் போட்டியோட மொத்தப் பரிசே 15,000 டாலர், அதுல பெரும்பகுதி ஒற்றையருக்குப் போயிடும். இரட்டையர் ஜெயிக்கிற ஜோடிக்கு ஆயிரம் டாலருக்கும் குறைவு, அதையும் ரெண்டா பிரிக்கணும். ஒரு வாரத் தங்கலுக்கே பத்தாது. 2022 சென்னை ஓபன் மொத்தப் பரிசு 2,51,750 டாலர், அதுலயும் டபுள்ஸ் பங்கு சின்னதுதான்.

இன்னொரு ஆபத்தையும் சொல்லிடணும். 2025ல யு.எஸ். ஓபன் கலப்பு இரட்டையரை 16 ஜோடியாச் சுருக்கி, ஒற்றையர் நட்சத்திரங்களை வச்சு முக்கியப் போட்டிக்கு முன்னாடியே ரெண்டு நாள்ல முடிச்சாங்க. டபுள்ஸ் நிபுணர்கள் பெரும்பாலும் வெளிய. நடத்துறவங்க ஒரு முடிவு எடுத்தா ஒரு வருமான வழி அப்படியே அடைஞ்சுடும். இதை மனசுல வச்சுத்தான் திட்டம் போடணும்.

மூணாவது ஒரு வழி இருக்கு, ரூட்லிஃப் போன வழி. அவர் அமெரிக்காவுல அலபாமா பல்கலைக்கழகத்துக்கு ஆடி 2014, 2015 ரெண்டு வருஷமும் கல்லூரி தேசிய இரட்டையர் பட்டம் வாங்கினவர். 2024 ஜூலைல உலக இரட்டையர் முதல் இடம். அமெரிக்கக் கல்லூரி அணி ஆட்டத்துல முதல்ல மூணு இரட்டையர், ஒவ்வொண்ணும் ஒரு செட். அதுல ரெண்டை ஜெயிச்ச அணிக்கு ஒரு புள்ளி. அப்புறம் ஆறு ஒற்றையர். மொத்தம் ஏழுல நாலு எடுத்தா வெற்றி. அந்த ஒரு புள்ளிக்காகவே அங்க கோச்சுகள் டபுள்ஸ் தெரிஞ்ச பொண்ணுங்களைத் தேடுவாங்க. படிப்பும் ஸ்காலர்ஷிப்பும் கையில வரும். 16 வயசுல யோசிக்க இதுதான் சரியான வழின்னு எனக்குப் படுது.

ஏடி_கோர்ட்

களத்துக்குள்ளே அவர் செய்வதைப் பார்ப்போம். டப்ரோவ்ஸ்கியிடம் பயமுறுத்தும் சர்வ் கிடையாது. அவர் பிழைப்பு மூன்று இடத்தில்: ரிட்டர்ன், முதல் வாலி (பந்து தரையில் படும் முன்பே அடிப்பது), வலையருகே குறுக்கே பாய்வது.

ரிட்டர்ன் ஏன் குறுக்காகவே போக வேண்டும் என்பதற்கு அளவு சொல்கிறேன். கோர்ட் நீளம் 78 அடி, இரட்டையர் அகலம் 36 அடி. மூலைக்கு மூலை அளந்தால் கிட்டத்தட்ட 86 அடி. நேராக அடிப்பதைவிட 8 அடி கூடுதல் இடம். வலை நடுவில் 3 அடி, கம்பத்தில் மூன்றரை அடி. குறுக்காக அடிக்கும்போது தாழ்வான நடுப்பகுதியைத் தாண்டுகிறது. நேராகப் பக்கவாட்டுச் சந்தில் (ஒற்றையர் கோட்டுக்கும் இரட்டையர் கோட்டுக்கும் நடுவிலுள்ள பட்டை) அடித்தால் உயரமான வலை, குறைந்த நீளம், அங்கே ஏற்கெனவே ராக்கெட்டோடு நிற்கும் ஆள். சந்தின் அகலம் நாலரை அடிதான். இருந்தும் ஒரு செட்டில் இரண்டு மூன்று முறை அங்கே அடிக்க வேண்டும், புள்ளிக்காக அல்ல, வலையில் நிற்பவரை அந்தக் கோட்டோடு கட்டிப்போடுவதற்காக. அதை ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே செய்ய வேண்டும். 4-4இல் செய்தால் வீண்.

ரிட்டர்னின் உயரம் அதைவிட முக்கியம். ஒற்றையர் ஆடிப் பழகிய பெண்கள் வலைக்கு மேல் நாலைந்து அடி விட்டு ஆழமாகச் சுழற்றி அடிப்பார்கள். ஒற்றையரில் அது நல்ல பந்து. இரட்டையரில் வலையில் நிற்பவருக்கு அது பரிசு. இங்கே பந்து வலையை உரசுகிற மாதிரி போய், சர்வ் செய்துவிட்டு ஓடி வருபவரின் காலடியில், சர்வீஸ் கோட்டுக்குப் பக்கத்தில் விழ வேண்டும். சுருக்கமான பின்னிழுப்பு, பந்து எழும்பும்போதே தொடுவது, இரண்டும் இருந்தால்தான் அது வரும். இரண்டாவது சர்வுக்கு டப்ரோவ்ஸ்கி கோட்டுக்குள்ளே ஏறி நிற்பதைக் காணொளியில் பார்க்கலாம். எதிராளிக்கு நேரம் குறைகிறது, அவ்வளவுதான் அதன் நோக்கம்.

அடுத்து வலை. சர்வ் செய்பவரின் ஜோடி முதுகுக்குப் பின்னால் விரல் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மூடிய கை என்றால் நிற்பேன், விரித்த கை என்றால் குறுக்கே போவேன் என்பது பரவலான வழக்கம், ஜோடிக்கு ஜோடி மாறும். சர்வ் எங்கே விழ வேண்டும் என்பதும் அதில் அடக்கம். நடுக்கோட்டில் விழும் சர்வுக்குத்தான் பாய்ச்சல் பொருந்தும், ஏனெனில் அங்கிருந்து வரும் ரிட்டர்னுக்குக் கோணம் குறைவு. வெளிப்பக்கம் போகும் சர்வுக்குப் பாய்ந்தால் சந்து முழுக்கத் திறந்துவிடும். நம் ஜூனியர் ஆட்டங்களில் அடிக்கடி நடக்கும் கோளாறு இதுதான்: சைகை நடுக்கோடு, சர்வ் போனது வெளியே, ஆனாலும் முன்னால் நிற்பவர் முடிவு செய்தபடி ஓடிவிடுவார். இதற்கு ஒரே மருந்து, சர்வ் தப்பினால் பாய்ச்சல் ரத்து என்று இருவரும் முதலிலேயே பேசி வைப்பது.

எப்போது நகர்வது? பந்து தரையில் மோதி, ரிட்டர்ன் செய்பவர் ராக்கெட்டை முன்னால் வீச ஆரம்பித்த கணம். அதற்கு முன் நகர்ந்தால் அவர் பார்த்துவிடுவார், பின் நகர்ந்தால் பந்து தாண்டிவிடும். நகர்வது பக்கவாட்டில் அல்ல, வலையை நோக்கிச் சாய்வாக. பக்கவாட்டில் ஓடினால் பந்து தோளுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் சந்திப்பீர்கள், மேலிருந்து கீழே குத்த முடியாது. பாதி தூரம் போய்த் தயங்கி நிற்பது எல்லாவற்றையும்விட மோசம். பின்னால் இருப்பவர் ஏற்கெனவே மறுபக்கம் போயிருப்பார், இருவரும் ஒரே பாதியில் நிற்க, காலி இடம் அப்படியே கிடக்கும். கிளம்பினால் முழுசாகப் போய்விட வேண்டும், புள்ளி போனாலும் பரவாயில்லை.

டபிள்யூ.டி.ஏ வாராந்திரப் போட்டிகளில் டியூஸ் (40-40) வந்தால் ஒரே புள்ளி, எந்தப் பக்கம் வாங்குவது என்பதை ரிட்டர்ன் ஜோடி தேர்ந்தெடுக்கும். ஜோடிக்கு ஒரு செட் என்று வந்தால் 10 புள்ளி டைபிரேக். கிராண்ட் ஸ்லாம் மகளிர் இரட்டையரில் மட்டும் முழு மூன்றாவது செட். அந்த ஒற்றை டியூஸ் புள்ளிக்குத்தான் பலர் ஐ அமைப்பை எடுத்து வைத்திருப்பார்கள். முன்னால் இருப்பவர் நடுக்கோட்டின் மேலேயே தலையைத் தாழ்த்திக் குந்தியிருப்பார், சர்வ் செய்பவர் அவருக்கு நேர் பின்னால். பந்து தலைக்கு மேல் போன பிறகுதான் இடமா வலமா என்று எழுவார். ரிட்டர்ன் செய்பவருக்கு வழக்கமான குறுக்குப் பாதை திறந்திருக்கிறதா என்று கடைசி நொடிவரை தெரியாது. குந்தியிருப்பவர் சீக்கிரமே எழுந்துவிட்டால் சொந்த ஜோடியின் சர்வ் முதுகில் விழும், அதையும் பழக வேண்டும்.

அண்ணாநகர்_பேஸ்லைன்

மூவருக்கும் மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். மூன்றாவது செட்டில் தளர்கிற பெண்ணுக்கு இரட்டையர் சுலபமாக இருக்கும் என்று கோச் சொல்வது சரியா? டப்ரோவ்ஸ்கி புற்றுநோய் சிகிச்சைக்கு நடுவிலும் ஆடினார் என்று படித்தேன், அது எப்படி முடிந்தது?

எழும்பூர்_பிசியோ

தளர்ச்சிக்குக் காரணம் தெரியாமல் ஆட்டத்தை மாற்றாதீர்கள், சார். சென்னையில் மூன்றாவது செட்டில் விழுவது பெரும்பாலும் நீரும் உப்பும் போவதால்தான். ஒரு எளிய சோதனை செய்யுங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, எடை பாருங்கள். ஒன்றரை மணி நேரத்தில் உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் குடிப்பது போதவில்லை. 50 கிலோ பெண்ணுக்கு அது ஒரு கிலோ. இடையில் குடித்த தண்ணீரின் அளவையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள், அப்போதுதான் உண்மையான இழப்பு தெரியும். வெறும் தண்ணீர் மட்டும் குடித்தால் போதாது. உப்புப் போட்ட மோரோ, எலுமிச்சை ஜூஸில் உப்பும் சர்க்கரையும் போட்டோ, ஒவ்வொரு இடைவேளையிலும் கொஞ்சம் கொஞ்சமாக. சாப்பாட்டில் இரும்புச்சத்து குறைவா என்று ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள், இந்த வயதுப் பெண்களிடம் அது சாதாரணம்.

இரட்டையர் சுலபம் என்பதும் சரியில்லை. ஓட்டம் குறைவு, உண்மை. ஆனால் இரண்டு மூன்று அடித் துள்ளல், குனிதல், தலைக்கு மேல் அடித்தல் அதிகம். சுமை தோளுக்கும் முழங்காலுக்கும் மாறுகிறது. ஸ்டெஃபானிக்கு முழங்கால் போனது இரட்டையரில்தான்.

டப்ரோவ்ஸ்கி விஷயம். 2023 வசந்த காலத்தில் அவரே கட்டியைக் கண்டுபிடித்திருக்கிறார். கவலைப்பட வேண்டாம் என்று ஒரு மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஒரு வருஷம் கழித்து டபிள்யூ.டி.ஏ உடல் பரிசோதனையின்போது இன்னொரு மருத்துவர் ஸ்கேன் எடுக்கச் சொல்லி வற்புறுத்த, 2024 ஏப்ரலில் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. இரண்டு அறுவை சிகிச்சை. அடுத்த கட்ட சிகிச்சையைத் தள்ளிவைத்து ஜூனில் களத்துக்குத் திரும்பினார், ரூட்லிஃபுடன் நாட்டிங்ஹாம் பட்டம். பிறகு விம்பிள்டன் இறுதி, ஒலிம்பிக் வெண்கலம். அதன்பின் கதிர்வீச்சு, தொடர்ந்து ஹார்மோன் சிகிச்சை. ரியாத் பட்டம் நவம்பரில். எல்லாவற்றையும் வெளியே சொன்னது டிசம்பர் 31 அன்றுதான்.

சிகிச்சையைத் தள்ளிவைத்தது நோய் ஆரம்ப நிலையில் இருந்ததால், அவருடைய மருத்துவர்களோடு பேசி எடுத்த முடிவு. அதை யாரும் முன்மாதிரியாக எடுக்கக் கூடாது. எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: கட்டி தட்டுப்பட்டு, ஒருவர் ஒன்றுமில்லை என்று சொன்னாலும் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது. வீட்டிலுள்ள பெண்கள் எல்லாரிடமும் சொல்லுங்கள்.

ஏடி_கோர்ட்

பிசியோ சொன்னதோடு இன்னும் கொஞ்சம். ஒற்றையரை விடாமல் வாரத்தில் இரண்டு நாள் இரட்டையருக்கு ஒதுக்குங்கள், அது போதும். அந்த நாளில் முதலில் 40 ரிட்டர்ன், ஒவ்வொரு பக்கமும் 20. எதிர்ப்பக்கம் சர்வீஸ் கோட்டை ஒட்டி, பக்கவாட்டிலிருந்து ஆறடிக்குள் இரண்டு கூம்பு வைத்து, பந்து அந்த இடத்தில் விழுவதை மட்டும் எண்ணுங்கள். வலைக்கு மேல் இரண்டடி உயரத்தில் ஒரு கயிறு கட்டி, அதற்குக் கீழே போனால்தான் கணக்கு. ஆரம்பத்தில் 40க்கு 10 விழுந்தாலே நல்லது. பிறகு நாலு பேர் வைத்து, பாய்ச்சல் கட்டாயம் என்ற விதியோடு 11 புள்ளி ஆட்டம் மூன்று. கட்டாயப்படுத்தினால்தான் தயக்கம் போகும்.

நம் ஊரில் லாப் (எதிராளி தலைக்கு மேல் உயரமாகத் தூக்கி) அடிப்பதற்கு ஒரு தனிக்கணக்கு உண்டு. பெரும்பாலான கோர்ட்டுகள் வடக்கு தெற்காகக் கிடக்கின்றன. மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று இறங்கினால் கிழக்கிலிருந்து குறுக்கே வீசும். மேற்குப் பக்கக் கோட்டை ஒட்டி அடித்த லாப் வெளியே போய்விடும், கிழக்குப் பக்கம் அடித்தது உள்ளே வந்து விழும். காலைப் பயிற்சியில் மட்டும் பழகிய ஜோடி மாலை ஆட்டத்தில் மாட்டுவது இதனால்தான்.

அண்ணாநகர்_பேஸ்லைன்

கடைசியாக ஒன்று. அவளும் வலதுகை, கூட ஆடும் பெண்ணும் வலதுகை. யார் எந்தப் பக்கம் வாங்குவது? நடுவில் மாற்றலாமா?

டிராஷீட்

ஒரு செட்டுக்குள் மாற்ற முடியாது. புது செட் தொடங்கும்போது மாற்றலாம். மூன்றாவது செட்டுக்குப் பதிலாக 10 புள்ளி டைபிரேக் வந்தால் அதுவும் புது செட் போலத்தான், ரிட்டர்ன் பக்கத்தையும் உங்கள் ஜோடிக்குள் யார் முதலில் சர்வ் செய்வது என்பதையும் மாற்றிக்கொள்ளலாம். பல ஜூனியர் ஜோடிகளுக்கு இது தெரியாமல் தோற்ற அமைப்பிலேயே டைபிரேக்குக்கும் போய் நிற்பார்கள்.

இரண்டு வலதுகை என்றால் பொதுவாக பேக்ஹேண்ட் ரிட்டர்ன் உறுதியாக உள்ளவர் இடது பக்கம், அதாவது அட்வான்டேஜ் பக்கம். அங்கே வெளியே இழுக்கும் சர்வ் பேக்ஹேண்டுக்குத்தான் வரும், கேம் முடியும் புள்ளிகளும் அந்தப் பக்கம் அதிகம். நடுவில் வரும் பந்தும் இடது பக்கம் நிற்பவரின் ஃபோர்ஹேண்டுக்கு வருவதால் அவரே எடுக்க வேண்டும். இதை முதலிலேயே முடிவு செய்யாவிட்டால் இருவரும் விட்டுவிடுவார்கள். வலது பக்கம் நிற்பவருக்கு வேண்டியது நடுக்கோட்டுச் சர்வைப் பேக்ஹேண்டால் உள்ளிருந்து வெளியே குறுக்காகத் திருப்பும் அடி. இரண்டு அமைப்பிலும் தலா நாலு பயிற்சி செட் ஆடவிட்டு, ரிட்டர்ன் எத்தனை உள்ளே விழுந்தது, அதில் எத்தனையை வலையில் நிற்பவர் தொட்டார் என்று இரண்டு எண் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது எண் எந்த அமைப்பில் குறைவோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.